ஒரு ஸ்பிரிங் தீர்மானிக்கும் கொதிநிலை

ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார் ஒன்றின் பானெட்டை, காலையில் எஞ்சின் முழுக்க ஆறிக் கிடக்கும் நேரத்தில் திறந்து பாருங்கள். ரேடியேட்டரின் தலைப்பகுதியில் உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக மூடி ஒன்று இருக்கும். சூடாக இருக்கும்போது திறக்காதே என்ற எச்சரிக்கையோடு, 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண்ணும் அதன் மேல் பொறித்திருக்கும். எச்சரிக்கையைப் பலரும் படித்திருப்பார்கள். எண்ணைக் கவனித்தவர்கள் குறைவு. அந்தக் காரின் எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பது அந்த எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

0.9 என்பது அழுத்தக் கணக்கு. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 0.9 கிலோ எடையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ, அந்த அளவு அழுத்தம் உள்ளே சேரும்வரை மூடியின் வால்வு திறக்காது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கூடுதலாகச் சேரும் அழுத்தம் இது. கடல் மட்டத்தில் காற்றே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ கனத்தில் அழுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் ரேடியேட்டருக்குள் இருக்கும் மொத்த அழுத்தம் வெளியில் உள்ளதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காது. 0.9 மூடியென்றால் 118 டிகிரியைத் தாண்ட வேண்டும், 1.1 மூடியென்றால் 121-ஐத் தாண்ட வேண்டும். தண்ணீரில் கூலன்ட்டைச் சரிபாதி கலந்து 1.1 மூடியையும் போட்டால் கொதிநிலை 129 டிகிரியை ஒட்டிப் போய்விடும்.

இதைச் சாதிப்பது மூடிக்குள் இருக்கும் ஒரு சுருள் ஸ்பிரிங். அது அழுத்திப் பிடித்திருக்கும் ரப்பர் வாஷரின் விட்டம் இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 1.1 மூடியின் ஸ்பிரிங் சுமார் 5.4 கிலோ விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. மூடியைப் போடும்போது கையால் அமுக்கித் திருப்ப வேண்டியிருப்பது அதனால்தான்.

வீட்டில் இதே வேலையைச் செய்வது பிரஷர் குக்கரின் வெயிட். நம் குக்கர்களும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தில்தான் இயங்குகின்றன. உள்ளே 120 டிகிரி வரை வெப்பம் ஏறுவதால்தான் பருப்பு விரைவில் வேகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி டெனி பாப்பான் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தம் நீராவிப் பாத்திரத்தைக் காட்டியதிலிருந்து தொடங்கும் கதை இது. பாத்திரம் வெடிக்காமலிருக்க நெம்புகோலில் எடையைத் தொங்கவிட்ட வால்வு ஒன்றையும் அவர் பொருத்தினார். குக்கரின் வெயிட், ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் இரண்டும் அந்த வால்வின் வழியில் வந்தவை. குக்கரில் நீராவி சீறினால் சமையல் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். காரில் மூடி வழியாக நீராவி சீறினால் ஏதோ கெட்டுவிட்டது.

எஞ்சினுக்குள் தண்ணீர் கொதித்தால்தான் என்ன என்று கேட்கத் தோன்றும். சிலிண்டருக்குள் எரிபொருள் பற்றியெரியும் கணத்தில் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டுகிறது. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டும் வேலைக்குக் கிடைக்கிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். இந்தச் சுற்று நிமிடம்தோறும் பல தடவை நடக்கிறது.

சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடத்துக்குத்தான் சூட்டின் வேகம் அதிகம். அங்கே உலோகத்தின் மேற்பரப்பு, டாஷ்போர்டில் முள் காட்டும் வெப்பத்தைவிட வெகுவாகக் கூடுதலாக இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டதும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி, சற்றுத் தள்ளி ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பட்டு மறைகின்றன. இந்த மட்டிலான கொதிப்பு எஞ்சினுக்கு நல்லதுதான். ஒவ்வொரு குமிழியும் உலோகத்திலிருந்து கணிசமான வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. அழுத்தம் குறைந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. குமிழிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்து, உலோகத்தின் மேல் நீராவிப் படலமாகப் படர்ந்துவிடும். நீராவியின் வெப்பங்கடத்தும் திறன் தண்ணீரின் திறனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. படலத்துக்கு அடியில் சிக்கிய உலோகத்தின் வெப்பம் மளமளவென்று ஏறுகிறது. 200 டிகிரியைத் தாண்டிச் சென்றால் ஹெட்டின் அலுமினியக் கலவை வலுவிழக்கத் தொடங்கும். ஹெட் வளைகிறது, அதற்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட் விட்டுக்கொடுக்கிறது. 'ஹெட் கேஸ்கட் போயிடுச்சு' என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் செலவுமிக்க வாக்கியத்துக்குப் பின்னால் பல சமயம் நடந்திருப்பது இதுதான்.

வாட்டர் பம்பும் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. பம்ப் தண்ணீரை உள்ளிழுக்கும் பக்கத்தில் அழுத்தம் எப்போதும் மற்ற இடங்களைவிடக் குறைவு. கொதிநிலையை நெருங்கிய தண்ணீர் அந்த இடத்துக்கு வந்ததும் ஆவியாகிவிடும். பம்பின் இறக்கைகள் தண்ணீருக்குப் பதிலாக ஆவியைத் துழாவும், சுழற்சி தளரும். சுழற்சி தளர்ந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் இன்னும் ஆவி. ஒரு தடவை இந்தச் சுழலில் மாட்டிய எஞ்சின் தானாக மீள்வது அரிது.

மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. வேலூரில் மே மாதம், நிழலில் 40 டிகிரி. தண்ணீர் 95 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 55. அழுத்தம் இருக்கும் துணிச்சலில் தண்ணீரை 110 வரை விட்டால் வித்தியாசம் 70. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், கால் பங்குக்கும் அதிகமான வெப்பத்தைக் கூடுதலாகத் தள்ளுகிறது. இன்றைய கார்களின் ரேடியேட்டர்கள் இவ்வளவு சிறியதாக இருந்தும், அவற்றின் முன்னால் ஏ.சி. கண்டென்சர் வேறு மறித்துக்கொண்டு நின்றும் சமாளிப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கியக் காரணம்.

மலை ஏறினால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகும் சாலை, சுமார் 50 கிலோமீட்டருக்குள் வண்டியை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடும். பல கார்களில் எலெக்ட்ரிக் ஃபேன் சுழலத் தொடங்குவதே 95 டிகிரிக்கு மேல்தான். மூடி அழுத்தம் பிடிக்காத கார் ஊட்டியில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சூடு ஏறிவிட்டது என்று ஃபேனுக்குத் தெரிவதற்கு முன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். நல்ல 0.9 மூடி இருந்தால் அதே ஊட்டியில் 114 டிகிரி வரை கொதிப்பு இல்லை. சமவெளியில் பழுதான மூடி 18 டிகிரியைத்தான் பறிக்கிறது; மலையில் 20 டிகிரிக்கு மேல் பறித்துக்கொள்கிறது, அதுவும் எஞ்சின் இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும் நேரத்தில். சென்னையில் மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராத கார், மலைச்சாலையின் பாதியில் புகைவிட்டு நிற்பதற்கு இது ஒரு காரணம். பழுது மலையில் உண்டானதில்லை. கீழே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கொதிப்பு ஓடும்போது வராமல், நிறுத்திய பின் வருவதும் உண்டு. டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்கிறீர்கள். பம்ப் நின்றுவிட்டது, ஹெட்டில் சேர்ந்திருக்கும் சூடு நிற்கவில்லை. அது அசையாமல் நிற்கும் தண்ணீருக்குள் இறங்கி, சில நிமிடங்களுக்கு அதன் வெப்பத்தை மேலும் ஏற்றும். தளர்ந்த ஸ்பிரிங் உள்ள மூடி இந்த நேரத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது: கூலன்ட் பாட்டில் வழிந்து, வண்டிக்கு அடியில் நிறமேறிய தண்ணீர் தேங்கும். நீண்ட ஏற்றத்துக்குப் பின் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஓரிரு நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது நல்ல பழக்கம். முள் சிவப்புக்குப் போய்விட்டாலோ, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலோ இந்த ஆலோசனை பொருந்தாது. உடனே அணைத்துவிட வேண்டும்.

ஆரம்ப காலத்தில் கார்கள் அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அந்த வகையில் அது திறமையான முறைதான். போன தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றபோது, வழியில் கிடைத்த இடங்களிலெல்லாம் நின்று தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது.

வில்ஹெல்ம் மேபாக் 1900-இல் வடிவமைத்த மெர்சிடிஸ் காரின் தேன்கூட்டு ரேடியேட்டர் அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தது. அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அதன் பிறகு தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடியது. ஆனால் அழுத்தமின்றி ஓடியது. அன்றைக்கு ரேடியேட்டர் பானெட்டுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. அதன் மூடி எல்லோர் கண்ணிலும் பட்டது. சிற்பி சார்லஸ் சைக்ஸ் வடித்து 1911 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் நிற்கும் பெண்ணுருவம் ரேடியேட்டர் மூடியின் மேல்தான் முதலில் நின்றது. 1912-இல் ஹாரிசன் பாய்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியும் அந்த மூடியிலேயே பொருத்தப்பட்டது. ஓட்டுபவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, சிவப்புத் திரவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

ரேடியேட்டர் பானெட்டுக்குள் மறைந்தபோது சிற்பமும் வெப்பமானியும் மூடியை விட்டுப் போய்விட்டன. ஸ்பிரிங்கும் வால்வும் வந்தன. அழுத்தம் படிப்படியாகத்தான் ஏறியது. 1950-களின் பிரிட்டிஷ் கார்களில் 4 பவுண்டு, 7 பவுண்டு மூடிகள் இருந்தன. 7 பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. அது கொதிநிலையை 111 டிகிரி வரைதான் தூக்கும். இன்று நேரே ரேடியேட்டரில் அமரும் மூடிகள் ஒரு கிலோவை ஒட்டியவை. ஐரோப்பிய வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் ரேடியேட்டரில் மூடியே இருக்காது. அழுத்தம் தாங்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தனியாக இருக்கும். மரைபோட்ட மூடி அதன் மேல் இருக்கும். அங்கே 1.4 வரைகூட எண்ணைப் பார்க்கலாம்.

ரேடியேட்டரில் அமரும் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு ரப்பர் வாஷர்கள் தெரியும். மேலே இருக்கும் பெரியது ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பை மூடுகிறது. ஸ்பிரிங்கின் நுனியில் இருக்கும் சிறியது, கழுத்துக்குள் சற்று ஆழத்தில் உள்ள படிமேல் அமர்கிறது. கூலன்ட் பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிரிகிறது. சிறிய வாஷரின் நட்டநடுவில், பொத்தானைப் போல ஒரு தகடு இருக்கும். பலரும் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது இரண்டாவது வால்வு.

இரண்டு வால்வுகளுக்கும் தினமும் வேலை உண்டு. தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4 சதவீதம் விரிகிறது. கூலன்ட் கலவை இன்னும் சற்று அதிகமாக விரியும். ஐந்து லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் இது 200 மில்லிக்கு மேல். அழுத்தம் மூடியின் எண்ணைத் தொட்டதும் ஸ்பிரிங் அமுங்கி, கூடுதல் திரவம் குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போகிறது. இரவு எஞ்சின் ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது. அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. உடனே நடுவிலுள்ள சிறு வால்வு உள்நோக்கித் திறந்து, பாட்டிலில் இருந்ததைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பாட்டிலில் கீழ்க்கோடு, மேல்கோடு என்று இரண்டு குறிகள் போட்டிருப்பது இந்தப் போக்குவரத்துக்காகத்தான்.

வெளிக்கருவி எதுவுமின்றி மூடியைச் சோதிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. காலையில் ஆறிய நிலையில் பாட்டிலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் மட்டம் ஏறியிருக்க வேண்டும். மறுநாள் காலை பழைய கோட்டுக்கே இறங்கியிருக்க வேண்டும். ஏறியது இறங்காமல் பாட்டிலிலேயே நின்று, ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே குறைந்திருக்கிறது என்றால், வெளியே போனதைத் திரும்ப எடுக்க முடியவில்லை என்று பொருள். மேல் வாஷர் வெடித்திருந்தால் ரேடியேட்டர் திரவத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் கீறல் இருந்தாலும் இதே விளைவுதான். ஆகவே குழாயையும் தடவிப் பாருங்கள். பாட்டில் நிறைந்திருக்கிறது, கவலையில்லை என்று நினைத்துக்கொண்டே ரேடியேட்டரைக் காலியாக்கி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்தியடைவது ஆபத்தான பழக்கம்.

நடு வால்வு துருவாலோ உப்புப் படிவாலோ ஒட்டிக்கொண்டால் அறிகுறி வேறு மாதிரி. இரவில் ஆறிய எஞ்சின் திரும்ப உறிஞ்ச வழியில்லாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைச் சப்பையாக இழுத்துவைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகும் ஓசையோடு ஹோஸ் பழைய உருவத்துக்கு வரும். ஹோஸ் பழசாகிவிட்டது என்று அதை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் புது ஹோஸும் அப்படியே சப்பையாகும்.

தளர்ந்த ஸ்பிரிங்தான் பரவலான கோளாறு. ரப்பர் பல்லாண்டுச் சூட்டில் இறுகி, விளிம்பில் வெடித்து, படியில் சரியாக உட்காராமல் போவதும் அதோடு சேர்ந்தே நடக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த கறை இருந்தால் அங்கே கசிவு இருந்திருக்கிறது. மூடியின் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் பாலாடைபோல் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் அது எண்ணெய் கலந்த தண்ணீர். அது மூடியின் பிழையில்லை, எஞ்சினைக் கவனிக்க வேண்டிய நேரம். அதேபோல், ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், பாட்டிலில் ஓயாமல் குமிழி வருவதும் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைவதன் அடையாளம். அதற்கு மூடியை மாற்றிப் பயனில்லை. இதற்கு நேர்மாறாக, மூடி ஒன்றால் தீரக்கூடிய கோளாறுக்கு ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதும் நடக்கிறது. சில நூறு ரூபாய்ப் பொருளைச் சோதித்துவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் வேலைக்குப் போவதுதான் நியாயமான வரிசை. கைப்பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த சோதனைக் கருவி நல்ல ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. மூடியை அதில் மாட்டி, பொறித்த எண்ணை ஒட்டி வால்வு திறக்கிறதா, அதற்குக் கீழே அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வெப்பமானியின் முள்ளை மட்டும் நம்பியிருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்வரைதான் உண்மையைச் சொல்லும். தண்ணீர் குறைந்து அது வெற்றிடத்தில் தொங்கினால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் தாழ்வாகக் காட்டக்கூடும். புதிய கார்கள் பலவற்றில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். முள் அசையும்போது நேரம் கடந்திருக்கலாம்.

இனி, சூடான மூடியைத் திறப்பது பற்றி. இதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்; வருடம்தோறும் கோடையில் முகத்திலும் கையிலும் வெந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். 115 டிகிரியில் உள்ளே இருக்கும் தண்ணீர், அழுத்தம் இருப்பதால் மட்டுமே திரவமாக இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும். அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு இறங்கியே ஆக வேண்டும். கூடுதலாக இருந்த 15 டிகிரி வெப்பம் அதில் ஒரு பகுதியை ஆவியாக்கிவிடும். கணக்குப் போட்டால் அந்தப் பகுதி மூன்று சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து லிட்டரில் சுமார் 140 கிராம். ஆனால் நீராவியானதும் அந்த 140 கிராம் 230 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். ஒரு பெரிய எண்ணெய் டிரம்மின் கொள்ளளவைவிட அதிகமான நீராவி, கைவிரல் மூன்று நுழையும் கழுத்து வழியாக, மீதித் தண்ணீரையும் அள்ளிக்கொண்டு, குனிந்து பார்ப்பவர் முகத்தை நோக்கி வருகிறது. மேல் சாக்குத் துணியைப் போட்டுத் திறப்பதோ, மூடியின் மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திறப்பதோ இந்தக் கணக்கை மாற்றாது. சாக்கு நனைந்து, சூட்டைக் கையோடு ஒட்டிவைக்கும்.

காத்திருப்பதே வழி. அரை மணி நேரமாவது, கோடை வெயிலில் அதற்கும் கூடுதலாக. மேல் ஹோஸைக் கையால் தயக்கமின்றிப் பிடிக்க முடிகிற வரையில் மூடியைத் தொட வேண்டாம். ஃபேனிலிருந்து கையை விலக்கியே வைத்திருங்கள். சாவியை எடுத்த பின்னும் அது திடீரென்று சுழலும் கார்கள் உண்டு. திறக்கும்போது தடித்த துணியால் பிடித்து, அமுக்காமல் முதல் தடுப்பு வரை மட்டும் திருப்பி நிறுத்த வேண்டும். மிச்ச அழுத்தம் பாட்டில் வழியாகப் போவதற்காகவே அந்தத் தடுப்பை வைத்திருக்கிறார்கள். சீறல் முழுதாக அடங்கிய பின் அமுக்கித் திருப்பிக் கழற்றலாம். மரைபோட்ட மூடிகளில் அந்தத் தடுப்பு இருக்காது என்பதால் மெல்ல மெல்லத் திருப்புங்கள். திறந்ததும் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று ஊற்றிவிடாதீர்கள். சூடான ஹெட்டும் பிளாக்கும் விரிசல் விடக்கூடும். மீறி யாருக்காவது வெந்துவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். பேனா மையும் பற்பசையும் தடவுவது புண்ணைக் கெடுக்கும்.

ரேடியேட்டரில் எதை ஊற்றுகிறோம் என்பதும் மூடியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நம் ஊர்களில் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினத்தன்மை மிக்கது. அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து வெள்ளைச் செதிலாகப் படிகின்றன. வால்வு உட்காரும் படியிலும் படிகின்றன. ஒரு மெல்லிய செதில் போதும், வாஷர் முழுதாக மூடாமலிருக்க. தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினிய ரேடியேட்டரை அரிக்கும். பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் விலையுயர்ந்த பொருளில்லை. அதையும் கூலன்ட்டையும் லேபிளில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுவதே சரி. நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அதில் துருவைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன, கொதிநிலையையும் அது உயர்த்துகிறது. அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். வழிந்து தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கும், கழுவிவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் பாதிக் கேனை வைக்காதீர்கள்.

சூடு ஏறுகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மிடையே வேரூன்றிவிட்ட வைத்தியம். அதைவிடத் தவறானது, மூடியின் எண்ணைக் கூட்டிப் போடுவது. 0.9 இருந்த இடத்தில் 1.3 மூடியைப் போட்டால் கொதிநிலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும், ஹோஸ்களும், கேபினுக்குள் இருக்கும் ஹீட்டரும் 0.9-ஐ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அழுத்தம் தன் வழியைத் தேடும்போது அவற்றில் எது பலவீனமோ அது பிளக்கும். குறைந்த எண்ணைப் போட்டால் விளைவு ஏற்கெனவே சொன்னதுதான். எண் ஒன்றாக இருந்தாலும் அளவு மாறக்கூடாது: கழுத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி வேறுபடும், குட்டையான மூடியை ஆழமான கழுத்தில் போட்டால் கீழ் வாஷர் படியைத் தொடவே தொடாது. திருப்பினால் இறுகும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே அழுத்தம் துளிகூட நிற்காது. பழைய மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், உயரம், வாஷர் அகலம், எண் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், ஆறிய எஞ்சினில், மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். நீங்களே பார்க்கவும் இரண்டு நிமிடம் போதும். ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டால் தடையின்றித் திரும்ப வேண்டும். நடு வால்வை நகத்தால் மெல்ல இழுத்துவிட்டால் பட்டென்று மூட வேண்டும். சில வகை மூடிகளில் அது இயல்பாகவே சற்றுத் தளர்ந்து தொங்கும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். கழுத்தின் விளிம்பையும் உள்படியையும் ஈரத்துணியால் துடைத்து, பள்ளமோ வளைவோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். படி சேதமாகியிருந்தால் எத்தனை புது மூடி போட்டாலும் பயனில்லை. மலைப்பயணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் இதைச் செய்துவிட்டால், மாற்ற வேண்டியிருந்தாலும் அவகாசம் இருக்கும்.

புது மூடி போட்ட பின் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, பாட்டிலை மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, சில காலைகள் தொடர்ந்து மட்டத்தைப் பாருங்கள். சிக்கியிருந்த காற்று வெளியேறுவதால் முதலில் கொஞ்சம் குறையலாம், நிரப்பிவிடுங்கள். அதன் பிறகும் குறைந்துகொண்டே போனால் மூடி தன் வேலையைச் செய்கிறது, கசிவு வேறெங்கோ இருக்கிறது. அழுத்தம் இப்போது முழுமையாக நிற்பதால், முன்பு கசியாத பழைய ஹோஸ் மூட்டுகூடக் கசியத் தொடங்கலாம். வாட்டர் பம்பின் அடிப்பக்கம், ஹோஸ் கிளாம்ப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பு, கால் வைக்கும் இடத்தில் ஹீட்டருக்குக் கீழே ஈரம், இந்த வரிசையில் தேடச் சொல்லுங்கள்.